டப்பாவைத் திறக்கும் முன் வாட்டத்தைப் பாருங்க

நாம சிவில் படிக்கிறோம்னு சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சுட்டா போதும், ஐப்பசி பொறந்ததும் போன் வர ஆரம்பிச்சிடும். "கண்ணு, மாடி ஒழுகுது. என்ன கெமிக்கல் அடிக்கலாம்? நல்லதா ஒண்ணு சொல்லு சாமி."

கேள்வியிலயே பதிலை முடிவு பண்ணிட்டாங்க பாருங்க. தண்ணி எங்க நிக்குது, எந்த வழியா இறங்குது, எத்தனை வருஷமா இறங்குதுன்னு யாரும் கேட்கறதில்லை. நேரா டப்பாவுக்குப் போயிடறாங்க. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது இதுதான்: ஒழுகும் கான்கிரீட்டுக்கு முதல் மருந்து வாட்டம். இரண்டாவது, மேலிருந்து செய்யற வேலை. கெமிக்கல் மூணாவதுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கிட்டு வருஷா வருஷம் பணத்தைக் கரைச்சுட்டு இருக்கோம். பணத்தோட போனா பரவாயில்லை. உயிர் போன கதைகளும் இருக்கு, நம்ம கோவை மாவட்டத்துலயே.

மேலே சிட் அவுட், கீழே ஸ்டோர் ரூம்

போத்தனூருக்கு ரயில் வந்தது 1862-ல். அந்தக் காலத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் ஓட்டு வீடுகள். ஓட்டுக் கூரைக்கு வாட்டம்னு தனியாச் சொல்லித்தர வேண்டியதில்லை, கூரையே வாட்டம்தான். மழை விழுந்த வேகத்துல கீழ போயிடும். பிறகு தார்சு வீடுகள் வந்தன. கூரை தட்டையாச்சு. தண்ணிக்கு எந்தப் பக்கம் போகணும்னு நாம சொல்லித்தர வேண்டிய நிலைமை வந்தது. அதை நாம இன்னும் சரியாச் சொல்லித்தரலைங்கறதுதான் பிரச்சனையே.

இப்போ நம்ம தெருக்கள்ல பொதுவா இருக்கிற வீட்டை எடுத்துக்குங்க. கீழ வீடு, மேல வீடு. மேல் வீட்டு வாசலுக்கு முன்னாடி பத்துக்குப் பன்னெண்டு திறந்த இடம் விட்டிருப்பாங்க. சாயங்காலம் காத்து வாங்க, துணி காயப்போட, நாலு பூந்தொட்டி வைக்க. அதுக்கு நேர் கீழ ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, தேங்காய், பழைய மோட்டார், பத்தாவது படிச்சப்போ வாங்கின புத்தகம் எல்லாம் அங்கதான். சில வீடுகள்ல அந்த அறையை ஏதாவது கடைக்குக் குடோனா வாடகைக்கு விட்டிருப்பாங்க. இன்னும் சில இடங்கள்ல வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்தவங்க நாலு பேர் அதுக்குள்ளயே தங்கியிருப்பாங்க.

வீட்டிலேயே அதிகமா ஒழுகுற இடம் இதுவாத்தான் இருக்கும். மொட்டை மாடிக்காவது யாராவது சுருக்கி போட்டு தட்டோடு பதிப்பாங்க. இந்தச் சிட் அவுட்டை யாரும் கூரைன்னே நினைக்கறதில்லை. "அது தரைதானே"ன்னு டைல்ஸ் ஒட்டிட்டுப் போயிடறாங்க. மேல இருந்து பார்த்தா தரை, கீழ இருந்து பார்த்தா கூரை. கட்டும்போது மேல இருந்து மட்டுமே பார்த்துட்டாங்க, அவ்வளவுதான்.

அந்த 120 சதுர அடி மேல ஒரு அங்குலம் மழை பெஞ்சா எவ்வளவு தண்ணி தெரியுமா? சுமார் 280 லிட்டர். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில 14 வாளி. வாட்டம் இருந்தா இந்த 14 வாளியும் குழாய் வழியா இறங்கிடும். இல்லைன்னா அதுல ஒரு பங்கு அங்கேயே உட்கார்ந்து வழி தேடும். தண்ணிக்கு அவசரமே இல்லை, கிடைக்கிற வரைக்கும் தேடும்.

கான்கிரீட் கல் இல்லைங்க

"கான்கிரீட் போட்டாச்சே, அப்புறம் எப்படிங்க தண்ணி இறங்கும்?" இது நியாயமான கேள்விதான். கான்கிரீட் பார்க்கத்தான் கல்லு மாதிரி. உள்ள பூரா நுண்துளை. சிமென்ட்டோடு வேதிவினை செய்யத் தேவையானதைவிட அதிகமா ஊத்தின தண்ணி, வேலை முடிஞ்சதும் ஆவியாகி வெளிய போகும்போது தான் இருந்த இடத்தைக் காலியா விட்டுட்டுப் போகும். அந்தக் காலியிடங்கள் ஒண்ணோடொண்ணு தொடர்ந்தா அதுதான் ஒழுகுற வழி.

1959-ல் பவர்ஸும் அவரோட சகாக்களும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. நீர்-சிமென்ட் விகிதம் 0.45 இருந்தா, ஈரம் காயாமப் பார்த்துக்கிட்டா, சுமார் 7 நாள்ல அந்த நுண்வழிகள் அடைபட்டுடும். 0.50-க்கு 14 நாள். 0.60-க்கு 6 மாசம். 0.70-க்கு ஒரு வருஷம். அதுக்கு மேல போனா எத்தனை நாள் தண்ணி விட்டாலும் முழுசா அடைபடவே அடைபடாது.

இதை நம்ம சைட் கணக்குக்கு மாத்திப் பாருங்க. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. விகிதம் 0.50-ன்னா 25 லிட்டர் தண்ணி. மணல்ல இருக்கிற ஈரத்தையும் சேர்த்துத்தான் அந்த 25. அதாவது ஒண்ணேகால் பெயிண்ட் வாளி. நம்ம ஊர்ல கலவை இளக்கமா இருந்தாத்தான் தள்ளறதுக்கு லேசா இருக்கும்னு ரெண்டு வாளி ஊத்துவாங்க. 40 லிட்டர். விகிதம் 0.80. பவர்ஸ் கணக்குப்படி அந்தச் சிலாப் போடற அன்னைக்கே ஒழுகறதுக்குத் தயாராயிடுச்சு. பத்து வருஷம் கழிச்சு டப்பா வாங்கி என்ன பண்றது?

அடுத்தது க்யூரிங். நம்ம பக்கம் வீடு கட்ட பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமென்ட்தான் வாங்கறாங்க. ஐ.எஸ். 456, கலப்பு சிமென்ட்டுக்குக் குறைஞ்சது 10 நாள் ஈரம் காயக்கூடாதுன்னு சொல்லுது, 14 நாள் இருந்தா நல்லதுன்னும் சொல்லுது. நம்ம ஆளுங்க பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவாங்க, அது நல்ல பழக்கம். ஆனா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சும்மா விடுமா? காலையில கட்டின தண்ணி சாயங்காலம் இருக்காது. நாலாம் நாள் "போதும்ப்பா"ன்னு விட்டுட்டு மேல செங்கல் ஏத்த ஆரம்பிச்சிடுவாங்க.

மூணாவது விஷயம் வெயில். கான்கிரீட் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தன் நீளத்துல லட்சத்துல ஒரு பங்கு நீளும். 6 மீட்டர் சிலாப் 30 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 2 மி.மீ. நீளுது, ராத்திரி மறுபடி சுருங்குது. சித்திரை வெயில்ல இது தினமும் நடக்குது. சிலாப் நகருது, அதை ஒட்டி நிக்கிற சுவர் அதே அளவுக்கு நகர்றதில்லை. ரெண்டும் சேர்ற மூலையில விரிசல் வராம வேற எங்க வரும்? அந்த மூலையில சிமென்ட் பூச்சு பூசி அடைச்சா அடுத்த சித்திரையில மறுபடி விடும். ஏன்னா சிமென்ட்டுக்கு வளையத் தெரியாது.

கீழ இருந்து பூசறது ஏன் வேலைக்காகாது?

ஸ்டோர் ரூம் கூரையில ஓதம் தெரிஞ்சதும் முதல்ல செய்யறது, உப்பு பூத்த இடத்தைச் சுரண்டிட்டு ஏதோ ஒரு பூச்சு அடிச்சுப் பெயிண்ட் அடிக்கறது. ரெண்டு மாசம் பளிச்சுன்னு இருக்கும். அடுத்த மழையில பக்கத்துல பொரிஞ்சு கொட்டும்.

நடக்கறது என்னன்னா, தண்ணி மேல இருந்து சிலாப்புக்குள்ள வந்தாச்சு. நாம வெளிய போற கதவை மட்டும் சாத்தறோம். அது உள்ளேயே தங்கி, பக்கவாட்டுல போய், அடுத்த பலவீனமான இடத்துல தலைகாட்டும். சொட்டு விழற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை இருக்கும்னு நம்பறதும் இதே மாதிரி தப்புதான். டைல்ஸுக்குக் கீழ இருக்கிற மணல் கலவையில தண்ணி பத்தடி நடந்து போய்க்கூட இறங்கும்.

உள்ளே தங்கற அந்தத் தண்ணி சும்மாவும் இருக்காது. கான்கிரீட்டோட காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமக் காப்பாத்துது. வருஷக்கணக்குல தண்ணி ஊறி இறங்கும்போது சுண்ணாம்பையும் கரைச்சு எடுத்துட்டு வருது. கீழ வெள்ளையாப் பூக்குதே, அது அந்தச் சுண்ணாம்புதான். காத்துல இருக்கிற கரியமில வாயு ஒரு பக்கம் காரத்தைக் குறைக்குது. ஒரு கட்டத்துல கம்பிக்குக் காவல் இல்லாமப் போகும், துரு ஏறும். இரும்பு துருவா மாறும்போது 2-ல இருந்து 6 மடங்கு வரைக்கும் இடம் கேட்கும். அந்த இடத்துக்காக அது கான்கிரீட்டைப் பிளக்கும். கீழ பூச்சு உப்பி விழறது அதனாலதான். நாம அதைப் பெயிண்ட் பிரச்சனைன்னு நினைச்சுட்டு இருக்கோம். கம்பி நம்மகிட்ட உதவி கேட்டுட்டு இருக்கு.

சொட்டுல தொடங்கி...

2017 செப்டம்பர் 7. சோமனூர் பேருந்து நிலையத்தோட கான்கிரீட் கூரை இடிந்து விழுந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருந்தவங்க மேல விழுந்து 5 பேர் இறந்தாங்க. மழை பெய்துட்டு இருந்த நாட்கள் அவை. அதே வருஷம் அக்டோபர் 20, நாகை பக்கம் பொறையார்ல அரசுப் போக்குவரத்துப் பணிமனையில, ஓய்வறையில தூங்கிட்டு இருந்த ஊழியர்கள் மேல கூரை விழுந்து 8 பேர் இறந்தாங்க. ஒவ்வொரு விபத்துக்கும் பல காரணங்கள் இருக்கும், எல்லாத்தையும் ஒழுகல் கணக்குல எழுத நான் வரலை. ஆனா ரெண்டு இடத்துலயும் கூரைக்குக் கீழ இருந்தவங்க யாருன்னு பாருங்க. ஒருத்தர் பஸ்ஸுக்கு நின்னவர், இன்னொருத்தர் ஷிப்ட் முடிச்சுப் படுத்தவர். அந்தக் கூரையை ரிப்பேர் செய்யச் சொல்ற அதிகாரம் அவங்க யாருக்கும் கிடையாது.

கனடாவுல எலியட் லேக்னு ஒரு சின்ன ஊர். அங்க 1980-ல் ஆல்கோ சென்டர்னு ஒரு வணிக வளாகம் திறந்தாங்க. கூரை மேலயே கார் நிறுத்துமிடம், கீழ கடைகள். நம்ம சிட் அவுட்-ஸ்டோர் ரூம் கதையேதான், கொஞ்சம் பெருசு. திறந்த நாள்ல இருந்தே ஒழுகல். கடைக்குள்ள வாளி வெச்சாங்க, தார்ப்பாய் கட்டினாங்க. ஊர்க்காரங்க கிண்டலா அந்த வளாகத்துக்கு அருவின்னு பேரு வெச்சாங்க. முதலாளிகள் மாறினாங்க, ஆய்வு செய்த இஞ்சினியர்கள் வந்து போனாங்க, ஒழுகல் மட்டும் மாறலை. 2012 ஜூன் 23-ல் துருப்பிடித்த ஓர் இணைப்பு விட்டுப் போய், நிறுத்துமிடத்துல ஒரு பகுதி கடைகள் மேல விழுந்தது. ரெண்டு பெண்கள் இறந்தாங்க. 2014-ல் வந்த விசாரணை அறிக்கையோட சாரம்: கட்டடத்தை வீழ்த்தினது துருதான், ஆனா தோத்தது பொருள் இல்லை, மனுஷங்க.

அமெரிக்காவுல ஃபுளோரிடா, சர்ஃப்சைடுல 2021 ஜூன் 24-ல் 12 மாடிக் குடியிருப்பு ஒண்ணு இடிஞ்சு 98 பேர் இறந்தது நினைவிருக்கும். அங்க நீச்சல்குளத்தைச் சுத்தி இருந்த தளத்துக்குக் கீழ கார் நிறுத்துமிடம். 2018-லயே ஒரு பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார்: தளத்தோட நீர்க்காப்பு வீணாப் போச்சு, அதைவிட முக்கியமா, அந்தத் தளத்துக்கு வாட்டமே இல்லை, தண்ணி ஆவியாகிப் போற வரைக்கும் அங்கேயே நிக்குதுன்னு. அந்தக் கட்டடத்துல வடிவமைப்புப் பலம் குறைவா இருந்தது, பின்னாடி ஏத்தின எடை எல்லாமும் சேர்ந்ததுதான். ஆனா நூறு கோடி மதிப்புள்ள கட்டடத்துலயும் விட்டுப்போனது நம்ம மேஸ்திரி "வாட்டம்"னு ஒரு வார்த்தையில சொல்ற விஷயம்தான்கறதை யோசிச்சுப் பாருங்க.

நம்ம பத்துக்குப் பன்னெண்டு சிட் அவுட் நாளைக்கே விழுந்துடும்னு பயமுறுத்தலை. அப்படி எதுவும் ஒரே நாள்ல நடக்கறதில்லை. ஆனா கீழ கம்பி தெரிய ஆரம்பிச்ச அறையில மனுஷங்களைத் தங்க வெக்கறது தப்பு. அதைச் சொல்ல இஞ்சினியரிங் பட்டம் தேவையில்லை.

பழசுல இருந்த பாடம்

சுண்ணாம்புக்கு நம்ம பக்கத்துல பஞ்சமே இல்லை. போத்தனூர்ல இருந்து கூப்பிடு தூரத்துல மதுக்கரை. சுண்ணாம்புக்கல் இருந்ததாலதான் 1930-கள்லயே அங்க சிமென்ட் ஆலை வந்தது. பழைய மேஸ்திரிகள் மாடிக்கு என்ன செஞ்சாங்க? செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணி தெளிச்சு, நாள்கணக்கா மரக்கட்டையால அடிச்சுக் கெட்டிப்படுத்தி, மேல தட்டோடு பதிச்சாங்க. ஐ.எஸ். 3036 இந்தச் சுண்ணாம்புக் கான்கிரீட் வேலைக்குன்னே இருக்கிற விதிநூல். அதனால இது பாட்டி வைத்தியம் இல்லை.

அதுல இருந்த அறிவு கடுக்காயில மட்டும் இல்லை. அந்த ஜல்லி தடிமன்லயேதான் அவங்க வாட்டம் கொடுத்தாங்க. ஒரு பக்கம் தூக்கி, குழாய்ப் பக்கம் இறக்கி. மூலையைச் சதுரமா விடாம உருட்டி விட்டாங்க. கைப்பிடிச் சுவர் மேல கொஞ்சம் ஏத்தி முடிச்சாங்க. சுருக்கி சிலாப்பை வெயில்ல இருந்தும் காப்பாத்தும், அதனால விரிசலும் குறையும்.

அதுக்காக எல்லாரும் அதுக்கே திரும்பிப் போங்கன்னு சொல்லலை. அது எடை அதிகம். ஒழுங்காச் செய்யத் தெரிஞ்சவங்க குறைஞ்சுட்டாங்க. தட்டோட்டு இடுக்கை அஞ்சாறு வருஷத்துக்கு ஒருதரம் பார்த்து அடைக்கணும். புதுப் பொருள்கள் நல்லாவே வேலை செய்யும். ஆனா அந்த வாட்டத்தையும் மூலையையும் விட்டுட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கிட்டோம் பாருங்க, அங்கதான் கோட்டை விட்டோம்.

சரி, என்னதான் செய்யறது?

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க. மழை நிக்கும்போதே சொட்டும் நின்னுட்டா, மேல நேரடி விரிசல் இருக்கலாம். மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சும் சொட்டினா, டைல்ஸுக்கு அடியில தண்ணி தேங்கியிருக்கு. மழையே இல்லாம சொட்டினா, குளியலறைக் குழாயையோ தண்ணித் தொட்டியையோ பாருங்க, சிட் அவுட் மேல பழி போடாதீங்க.

அடுத்து, ஒரு வாளி தண்ணியைக் கொட்டி அது போற திசையைப் பாருங்க. நிக்கற இடத்தைச் சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. பத்தடிக்கு ரெண்டு அங்குலம் இறக்கம் இருக்கணும்னு நான் சொல்லுவேன். குறைஞ்சபட்சம் ஒண்ணேகால் அங்குலமாவது வேணும். இதுக்கு லேசர் கருவி வேண்டாம், மேஸ்திரியோட டியூப் மட்டம் போதும். குழாய் வாய்தான் முழுத் தளத்துலயும் தாழ்ந்த இடமா இருக்கணும். பல வீட்டுல டைல்ஸ் மேல ஏறி குழாய் வாய் உசந்து நிக்கும். தண்ணி எப்படிங்க மேல ஏறிப் போகும்?

மூணாவது, பழைய டைல்ஸையும் அதுக்கு அடியில ஊறின கலவையையும் எடுங்க. இது வலிக்கிற செலவுதான். ஆனா "அதுக்கு மேலயே ஒரு கோட்டிங் போட்டுடலாம்"னு சொல்றவங்ககிட்ட எடைக் கணக்கு கேளுங்க. ரெண்டு அங்குலக் கலவை ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல. ஆள் ஏறிப் போற தட்டைக் கூரைக்கு ஐ.எஸ். 875 சொல்ற நகரும் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். ரெண்டு தடவை மேல மேல பூசினா, ஆளுக்கும் பொருளுக்கும்னு கணக்குப் போட்ட இடத்தையே கலவை தின்னுடும். மாடித் தோட்டம் வெக்கறவங்களும் கேட்டுக்குங்க: ஒரு அடி ஆழத்துக்கு ஈரமண் பரப்பினா சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். தளம் உயர்ந்துட்டே போனா இன்னொரு வேடிக்கையும் நடக்கும். கதவு நிலைப்படிக்குச் சமமா வந்து, மழைத்தண்ணி படுக்கையறைக்கு விருந்தாளியா வந்துடும்.

நாலாவது, சிலாப்பைச் சுத்தம் பண்ணி, விரிசலை வெட்டி அடைச்சு, கம்பி துருப்பிடிச்சிருந்தா ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அப்புறம் வாட்டக் கலவை. மூலைகளை உருட்டி விடணும். அது காய்ஞ்சதுக்கு அப்புறம்தான் டப்பாவுக்கு வேலை. வளைஞ்சு கொடுக்கற பூச்சாப் பார்த்து வாங்குங்க. பாலிமர் சிமென்ட் பூச்சோ, பாலியூரித்தேனோ, தார் சவ்வோ, எதுவா இருந்தாலும் சுவர் மேல ஆறு அங்குலமாவது ஏறணும், குழாய் வாய்க்குள்ள இறங்கணும், கதவு நிலைக்கு அடியில போகணும். நடுத்தளத்துல ஒழுகறதைவிட இந்த மூணு இடத்துலதான் அதிகம் ஒழுகும்.

அஞ்சாவது, டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி குழாய் வாயை அடைச்சு, ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி ரெண்டு மூணு நாள் கீழ போய்ப் பாருங்க. சொட்டினா அப்பவே சரி பண்ணலாம். கம்பி வெளிய தெரியற, தொய்ஞ்சு போன சிலாப்புல மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அந்தத் தண்ணியே சதுர மீட்டருக்கு 50 கிலோ.

"நம்ம ஊர்ல அவ்வளவு மழை ஏதுங்க?"

இந்த வாதத்தை நிறையக் கேட்டிருக்கேன். கோயம்புத்தூர் மழை மறைவுப் பிரதேசம், சென்னை மாதிரி கொட்டாதுன்னு. உண்மைதான். ஆனா அதனாலதான் நம்ம வீடுகள் இன்னும் மோசமா இருக்கு. பத்து மாசம் காஞ்சு விரிஞ்ச சிலாப் மேல ஐப்பசி கார்த்திகையில திடீர்னு மழை விழுது. மழை குறைவுங்கறதால யாரும் மெனக்கெடறதில்லை. ரெண்டு மாசம் வாளி வெச்சுச் சமாளிச்சா மார்கழியில மறந்துடலாம். ஒழுகல் நம்ம ஊர்ல மறதியிலதான் வளருது.

செலவு வாதமும் உண்டு. தோண்டி எடுத்துச் செய்யறது டப்பா பூசறதைவிடப் பல மடங்கு அதிகம், மறுக்கலை. கையில பணம் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது: முதல் வருஷம் குழாய் வாயைச் சரி பண்ணுங்க, பூந்தொட்டியை இறக்குங்க, தண்ணி நிக்கற குழியை மட்டும் சரி பண்ணுங்க. முடிஞ்சா மேல ஒரு தகரக் கொட்டகை போடுங்க, அழகு குறைஞ்சாலும் அது உண்மையான மருந்து. வருஷா வருஷம் கீழ பெயிண்ட் அடிக்கற காசை அதுக்கு ஒதுக்குங்க.

மூணாவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க: "ஸ்டோர் ரூம்தானே, ஒழுகிட்டுப் போகட்டும்." வாடகை வாங்கற அறைன்னா, ஒழுகறது இன்னொருத்தர் தலையில. மேல இருக்கறவருக்குக் காத்து, கீழ இருக்கறவருக்குச் சொட்டு. எலியட் லேக்ல முப்பது வருஷம் நடந்ததும் இதுதான். நனைஞ்சவங்க கையில சாவி இல்லை, சாவி வெச்சிருந்தவங்க நனையலை.

நமக்கு என்ன வேலை?

நாம நாலு வருஷம் படிக்கிறோம். சிலாப்புக்கு வளைவுத் திருப்புத்திறன் கணக்குப் போடத் தெரியும், கம்பி விட்டம் எடுக்கத் தெரியும். அதே சிலாப் மேல விழற தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு வரைபடத்துல ஒரு அம்புக்குறி போடச் சொல்லி எத்தனை பேருக்கு மார்க் கொடுத்திருக்காங்க? நீர்க்காப்பைப் பத்தி ஐ.எஸ். 3067-னு தனி விதிநூலே இருக்கு. தேர்வுல அது ஒரு ரெண்டு மார்க் கேள்வி. வீட்டுக்காரர் வாழ்க்கையில அதுதான் முப்பது வருஷப் பிரச்சனை.

மூணு விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, துறையில நாம வரையற ஒவ்வொரு வீட்டு வரைபடத்துலயும் கூரை மட்டங்கள், வாட்டத்தின் திசை, குழாய் வாய் மூணும் இருந்தாகணும். இல்லைன்னா வரைபடம் முடியலைன்னு திருப்பி அனுப்பணும். ரெண்டு, என்.எஸ்.எஸ். நண்பர்கள் கவனிக்க: புரட்டாசியிலேயே நம்ம கல்லூரியைச் சுத்தி இருக்கிற நாலு தெருவுக்கு டியூப் மட்டமும் சாக்பீஸும் எடுத்துட்டுப் போவோம். வீட்டுக்காரங்க அனுமதி கொடுத்தா தண்ணி நிக்கற இடத்தை வட்டம் போட்டுக் காட்டுவோம். கம்பி தெரியற அறையைப் பார்த்தா, கீழ தங்கியிருக்கறவங்ககிட்ட முதல்ல சொல்லுவோம், அப்புறம் வீட்டுக்காரர்கிட்ட. மூணு, ஒரு நல்ல மேஸ்திரியை நம்ம கல்லூரிக்கு அழைச்சு அரை நாள் வகுப்பு எடுக்கச் சொல்வோம். பவர்ஸ் கணக்கை நாம அவருக்குச் சொல்லலாம், மூலையை எப்படி உருட்டறதுன்னு அவர் நமக்குச் சொல்லட்டும்.

இந்த ஐப்பசிக்கும் போன் வரும். "என்ன கெமிக்கல் அடிக்கலாம் கண்ணு?" அப்போ டப்பா பேரைச் சொல்லாதீங்க. "ஒரு வாளி தண்ணியை மேல கொட்டி அது எங்க போய் நிக்குதுன்னு பாருங்க அத்தை, நான் ஞாயித்துக்கிழமை வர்றேன்"னு சொல்லுங்க. போகும்போது கீழ ஸ்டோர் ரூமையும் திறந்து, டார்ச் அடிச்சுக் கூரையைப் பாருங்க. அங்க யாராவது படுத்துத் தூங்கறாங்களான்னும் கேளுங்க.